16.8 குதிரை தோற்ற கதை

கடலூரில் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கும் யாரிடமும் வண்டி எத்தனை குதிரைத்திறன், அதாவது எத்தனை குதிரை என்று கேட்டுப் பாருங்கள். 18-க்குக் கீழே யாரும் சொல்ல மாட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு தம்பி கண் சிமிட்டாமல் 24 என்றார். வண்டியின் செயின் தொங்கிக்கொண்டிருந்தது. யமஹா அந்த 98 சிசி எஞ்சினுக்குச் சொன்னது 11 குதிரை, நிமிடத்துக்கு 7,500 சுற்றில். மீதி 13 எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "சைலன்சர் சத்தத்தைக் கேட்டாலே தெரியலையாண்ணே?" என்றார்.

நான் பண்ருட்டி போகும் சாலையில் எடைமேடை வைத்திருக்கிறேன். லாரி ஏறும், திரையில் எண் வரும், சீட்டு கிழித்துக் கொடுப்பேன். அந்த எண்ணோடு சண்டை போடாத வியாபாரியே கிடையாது. டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தாரா, டீசல் டேங்க் எவ்வளவு நிரம்பியிருந்தது, தார்ப்பாய் மழையில் நனைந்திருந்ததா என்று வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, எந்த எண்ணைப் பார்த்தாலும் "இதை எங்கே, எப்படி அளந்தாங்க?" என்று கேட்கும் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது. குதிரைத்திறன் விஷயத்தில் இந்த வியாதி நிறையப் பயன்பட்டது.

அக்கா பையன் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் பாதி ஆர்எக்ஸுக்குள் போகிறது. இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும், நேர்கோட்டில் சீறிப் பாயும் தேசிய டிராக் சாம்பியன்ஷிப்பில் டூ ஸ்ட்ரோக் பிரிவில் ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் அவனுக்கு எஞ்சின் செய்து கொடுக்கிறார். அளப்பது மட்டும் என் பொறுப்பு. இந்த எஞ்சினை இரண்டு விதமாகச் செய்து, குதிரைத்திறன் பார்க்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி, அப்புறம் தரையிலும் ஓட்டிப் பார்த்தோம். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த 11. அது எஞ்சினுக்குள் பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டில் எடுக்கும் கணக்கு. கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாவற்றையும் தாண்டிப் பின்சக்கரத்துக்கு வரும்போது நூற்றுக்குப் பத்து, பதினைந்து போய்விடும். டைனோ பார்ப்பது பின்சக்கரத்தை மட்டும்தான். ஒன்றும் செய்யாத நல்ல ஆர்எக்ஸ் ஒன்றைச் சென்னையில் ஒரு டைனோவில் ஏற்றினோம், 9.3 வந்தது. "11 இருந்த வண்டியை 15 ஆக்கினேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த 15 கிராங்கிலா சக்கரத்திலா என்று கேளுங்கள். சக்கரத்தில் 13 வந்ததை மனசுக்குள்ளேயே 15 ஆக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

டைனோ என்று சொல்வது பெரும்பாலும் தரையில் பதித்த ஒரு கனமான இரும்பு உருளை. பின்சக்கரத்தை அதன் மேல் நிறுத்தி, வண்டியைப் பட்டையால் இழுத்துக் கட்டி, ஒரே கியரில் முழு த்ராட்டில் கொடுப்பார்கள். உருளையின் கனம் தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதை வைத்து டார்க்கை, அதாவது சுழற்றும் விசையைக் கணக்கிடுகிறது. நியூட்டன் மீட்டரில் டார்க், அதைச் சுற்றால் பெருக்கி, சுமார் 7,120-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். குதிரைத்திறனைத் தனியாக எந்த இயந்திரமும் அளப்பதில்லை, எல்லாம் இந்தப் பெருக்கல்தான். அதனால் டார்க்கைத் தொடாமல் சுற்றை மட்டும் மேலே தள்ளினாலும் குதிரை கூடும். டூ ஸ்ட்ரோக்கில் எல்லாரும் செய்வது இதைத்தான்.

பட்டையை எவ்வளவு இறுக்கினார்கள், டயரில் காற்று எவ்வளவு, எந்தக் கியரில் ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்தெல்லாம் எண் ஆடும். மேக்னட்டை, அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரத்தை, லேத்தில் கொடுத்துக் கனம் குறைத்துவிட்டு ஓட்டினால், உருளை வகை டைனோவில் குதிரை கூடியதாகக் காட்டும். எஞ்சின் ஒன்றும் புதிதாகத் தயாரிக்கவில்லை, தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளச் செலவழித்தது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரேக் போட்டு ஒரே சுற்றில் நிறுத்திப் பிடித்து அளக்கும் இன்னொரு வகை டைனோவில் அதே எஞ்சின் பழைய எண்ணைத்தான் காட்டும். ரோட்டில் கனம் குறைந்த மேக்னட்டால் முதல் கியரில் கொஞ்சம் லாபம் உண்டு. ஆனால் கிளட்ச் விடும் அந்த நொடியில் வண்டியைத் தள்ளுவது மேக்னட்டில் சேர்த்து வைத்த சுழற்சிதான். சின்ன எஞ்சினில் அதை வெட்டி எறிந்தால் கிளம்பும்போதே மூச்சு வாங்கும். மெக்கானிக் அண்ணன் மேக்னட்டில் கை வைக்கவே விடவில்லை. "வெட்டினா சத்தம் ஜிவ்வுனு ஏறும், வண்டி ஏறாது" என்று முடித்துவிட்டார்.

அடுத்தது காற்று. டைனோ தாளின் மூலையில் பொடி எழுத்தில் திருத்தக் காரணி என்று ஒன்று இருக்கும், யாரும் படிப்பதில்லை. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் முறையில் 25 டிகிரி வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர்ந்த காற்று என்று வைத்துக்கொண்டு, அன்றைய காற்றை அதற்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். கடலூர் கடல் மட்டத்தில் இருக்கிற ஊர், அழுத்தத்துக்குக் குறைவில்லை. பிரச்சினை புழுக்கம். 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் காற்றில் கிட்டத்தட்ட 4 கிலோபாஸ்கல் நீராவி உட்கார்ந்திருக்கும். அந்த இடம் ஆக்சிஜனுக்கு இல்லை. வெப்பத்தையும் சேர்த்தால் திருத்தக் காரணி 1.04-ஐ ஒட்டி வரும். அதாவது சித்திரை மதியத்தில் எஞ்சின் நூற்றுக்கு நான்கு பங்கு குறைவாகத்தான் தரும், தாள் அதைக் கூட்டி எழுதிக் கொடுக்கும். மார்கழி விடியற்காலையில் அந்தக் காரணி 1-க்கு வந்துவிடும். 16 குதிரை வண்டிக்கு இது அரைக் குதிரைக்கு மேல். நட்டு ஒன்றைக்கூடத் தொடாமல்! பலர் மாட்டிய புது ஏர் ஃபில்டரின் புகழில் பாதி மார்கழிக்குச் சேர வேண்டியது. இதே கணக்கில் ஒரு பழைய முறையும் புழக்கத்தில் உண்டு. அதன் தரக் காற்று இன்னும் குளிர்ச்சி, அதனால் அதே ஓட்டத்துக்கு எஸ்ஏஇ எண்ணைவிட நான்கு சதவீதம் கூடுதலாக எழுதும். இரண்டு தாள்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டிலும் ஒரே முறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. மார்கழியில் காற்று அடர்த்தி, பெட்ரோல் அதே அளவு. சித்திரைக்கு வைத்த மெயின் ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) விடியற்காலையில் முழு த்ராட்டில் பிடித்தால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனாலுக்கு எரியத் தேவைப்படும் காற்று குறைவு, அதனால் பழைய ஜெட்டில் அதே கார்புரேட்டர் இன்னும் மெலிந்துதான் ஓடும். முள்ளோடை தாண்டிப் போய்ப் புதுச்சேரி விலையில் டேங்க் நிரப்பிக்கொண்டு வருவதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு திருப்தி. அதெல்லாம் சரி. ஆனால் நிரப்பிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

சரி, எங்கள் எஞ்சினுக்கு வருகிறேன்.

முதலில் செய்தது முழுப் போர்ட்டிங், அதாவது சிலிண்டர் சுவரில் கலவை வரும், புகை போகும் வாய்களான போர்ட்களைச் செதுக்கும் வேலை. புகை போகும் எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே உயர்த்தி, கலவை வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்களை அகலமாக்கி, ஹெட்டைச் சீவி, பெரிய கார்புரேட்டர் போட்டு, சேம்பர் சைலன்சர் மாட்டினார். சேம்பரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது வெறும் புகைபோக்கி இல்லை. போர்ட் திறந்ததும் அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடும். குழாய் விரியும் இடத்தில் அது எதிர் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரிலிருந்து புகையை உறிஞ்சும். கடைசியில் குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, வெளியே தப்பி வந்த புதுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இதை ஒரு கலையாகவே வளர்த்தார். 1961-ல் அவருடைய 125 சிசி ரேஸ் எஞ்சின் 25 குதிரை கொடுத்தது, ஒரு லிட்டருக்கு 200 குதிரை என்ற கணக்கு. அதே வருடம் அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பியோடி, அந்த ரகசியங்களோடு சுசுகியில் சேர்ந்தார். ஜப்பான்காரர்களுக்கு அப்படிப் போய்ச் சேர்ந்த வித்தைதான் சுற்றிச் சுற்றி இன்று நெல்லிக்குப்பத்து வெல்டிங் பட்டறை வரை வந்திருக்கிறது.

அந்த அலை சரியான நேரத்தில் திரும்பி வர வேண்டும் என்பதில்தான் சிக்கல். குழாயின் நீளம் மாறாது, சுற்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு குறிப்பிட்ட சுற்றில்தான் சேம்பர் உதவும். மற்ற இடத்தில் உபத்திரவம் செய்யும். எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்த உயர்த்த அந்த உதவி கிடைக்கும் இடம் மேலே போகும், கீழே குழி விழும். இதில் டைனோவில் தெரியாத இன்னொன்று. புகை சூடானால் அதில் அலை வேகமாக ஓடும். டைனோவில் சில நொடி ஓட்டத்தில் சேம்பர் முழுதாகச் சூடாவதில்லை. பந்தயத்தில் கியர் கியராக இழுக்கும்போது நன்றாகச் சூடாகி, உச்சம் இன்னும் மேலே நகரும். ஏற்கெனவே உச்சி மட்டும் உள்ள எஞ்சினுக்கு அது இன்னும் கெடுதல்.

அந்த முதல் எஞ்சின் டைனோவில் 16.8 குதிரை, 10,000 சுற்றில். அக்கா பையன் தாளை லேமினேட் செய்துவிட்டான்.

நான் உச்ச எண்ணை விட்டுவிட்டுத் தாளில் இருந்த வரைகோட்டைப் பார்த்தேன். 10,000-ல் டார்க் 12 நியூட்டன் மீட்டர். 6,500 சுற்றில் 6.5 மட்டும்தான், குதிரையில் சொன்னால் 6. ஒன்றும் செய்யாத வண்டியே அந்த இடத்தில் இதைவிட நன்றாக இழுக்கும். ஆர்எக்ஸ் 100-ல் நான்கே கியர், நடுவில் இடைவெளி அதிகம். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டால் சுற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழும். 10,300-ல் மாற்றினால் 6,400-க்கு வந்து நிற்கும், சரியாக அந்தக் குழிக்குள். 16.8 குதிரை கொண்ட வண்டி 6 குதிரையோடு இரண்டாவது கியரைத் தொடங்குகிறது.

மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். பையன் ஆசைப்பட்ட நம்பரைக் கொடுத்துவிட்டதாகவும், தன்னைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்றும் சொன்னார். இன்னொரு சிலிண்டர் எடுத்து, போர்ட்டைக் கொஞ்சமாக மட்டும் உயர்த்தி, சேம்பரின் நடுத்துண்டை நீட்டி வெல்டிங் அடித்தார். கார்புரேட்டரும் ஒரு அளவு சின்னது. டைனோவில் 14.2 குதிரை, 8,400 சுற்றில். அக்கா பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் 14.2-ஐத் திருப்பிக் கணக்குப் போட்டால் அதிலும் டார்க் அதே 12 நியூட்டன் மீட்டர்தான். 6,500-ல் 11.5, குதிரையில் பத்தரை. ஒரே கியரில் ஒரே வேகத்தில் போகிற இரண்டு வண்டிக்கும் சுற்று ஒன்றுதான். அந்தச் சுற்றில் எதற்கு டார்க் அதிகமோ அது முன்னே போகும். 9,000 சுற்றுக்குக் கீழே எல்லா இடத்திலும் இரண்டாவது எஞ்சின்தான்.

தரையில் ஓட்டிப் பார்த்தது ஒரு நண்பரின் மனைப்பிரிவில். சிதம்பரம் போகும் வழியில் இருக்கிறது. தார்ச் சாலை போட்டுவிட்டார், மனை விற்கவில்லை. வாயிலைப் பூட்டிக்கொண்டு, நேரான துண்டில் 100 மீட்டர் அளந்து கோடு போட்டோம். ஈசிஆரிலும் புறவழிச்சாலையிலும் ஞாயிறு காலையில் செய்கிற வேலையை நான் செய்ய மாட்டேன், செய்ய விடவும் மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவை நினைத்து மட்டும் இல்லை, எதிரில் பால்காரர் வருவார். போன் ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். பெரும்பாலான போன் நொடிக்கு ஒருமுறைதான் இடம் பார்க்கும், அதற்குள் வண்டி 20 மீட்டர் போயிருக்கும். நொடிக்குப் பத்துமுறை பார்க்கும் ஒரு சின்னப் பெட்டியை இரவல் வாங்கினோம்.

16.8 குதிரை எஞ்சின் 100 மீட்டரை 7.6 நொடியில் கடந்தது, கோட்டில் வேகம் 81 கி.மீ. 14.2 குதிரை எஞ்சின் 7.2 நொடி, கோட்டில் 79. அதே சிலிண்டர் கொள்ளளவு, செயின் ஓடும் பல்சக்கரமான அதே ஸ்ப்ராக்கெட், அதே டயர், அதே பையன்.

டிராக் பந்தயத்தில் சீட்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. சீட்டில் இரண்டு எண் முக்கியம், எடுத்த நேரமும் கடைசிக் கோட்டில் வேகமும். அமெரிக்க டிராக்கில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தில், கடைசி 66 அடியின் சராசரியைத்தான் வேகமாக எழுதுவார்கள். அந்த வேகம் குதிரைத்திறனின் சாட்சி. நேரம், கிளம்பிய லட்சணத்தின் சாட்சி. வேகம் கூடியும் நேரம் குறையவில்லை என்றால் குதிரை வந்திருக்கிறது, தரைக்கு இறங்கவில்லை. எங்கள் முதல் எஞ்சின் அந்த ரகம். நியாயமாகச் சொன்னால் தூரம் கூடக் கூட அது பிடித்துக்கொண்டே வரும், 402 மீட்டர் கிடைத்திருந்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கியிருக்கும். பச்சை விளக்குக்கு ரைடர் எடுத்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. வண்டி நகர்ந்து ஒளிக்கற்றையை விட்டு விலகினால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனால் நல்ல நேரம் எடுத்தும் தோற்பவர்கள் உண்டு.

எண்ணில் நம்பிக்கை வைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் சொல்கிறேன். காற்றுத் தடை, டயர் வழுக்கல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, எஞ்சின் கொடுப்பதெல்லாம் வேகமாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தூரத்தைக் கடக்கும் நேரம் குதிரைக்கு நேர் விகிதத்தில் குறையாது. அதன் கன மூலத்தில்தான் குறையும். பத்து சதவீதம் குதிரை கூட்டினால் நேரம் மூன்று சதவீதம்தான் குறையும். 18 நொடி எடுக்கும் வண்டிக்கு அரை நொடி. பத்து சதவீதக் குதிரைக்கு என்ன செலவாகும் என்பது எஞ்சின் திறந்தவர்களுக்குத் தெரியும். அதே சூத்திரத்தில் குதிரைக்குக் கீழே வகுக்கும் எண்ணாக எடை உட்கார்ந்திருக்கிறது. எடையைப் பத்து சதவீதம் குறைத்தாலும் ஏறக்குறைய அதே லாபம். இதில் வண்டி எடை மட்டும் இல்லை, மேலே உட்கார்ந்திருப்பவரும் சேர்த்தி. அக்கா பையன் 64 கிலோ. போட்டிக்கு ஓட்டித் தருகிறேன் என்று வந்த அவன் நண்பன் 81. வண்டி 96. ஆள் மாறினாலே மொத்த எடை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது, ஒன்றரைக் குதிரையை விற்றுப் பரோட்டா சாப்பிட்டது போல.

எடை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். லாரி மேடை பைக்குக்கு உதவாது, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். பக்கத்து முந்திரிக் கிடங்கில் மூட்டை எடைபோடும் மேடைத் தராசை எடுத்தேன். ஒரு சக்கரத்தைத் தராசில் வைத்து, இன்னொன்றை அதே உயரத்துக்குப் பலகை போட்டு நிறுத்தி, ஆளை ஓட்டும் நிலையில் உட்காரவைத்து எடுத்தோம். முன்னால் 66, பின்னால் 94. சக்கரங்களுக்கு நடுவே 1,240 மில்லிமீட்டர். அப்படியென்றால் மொத்த எடையும் கூடும் புள்ளி பின் அச்சுக்கு முன்னே 51 சென்டிமீட்டரில் இருக்கிறது. பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து முன்னெடையை மறுபடி எடுத்தால் உயரமும் கிடைக்கும். எங்களுக்கு 70 சென்டிமீட்டரை ஒட்டி வந்தது. 51-ஐ 70-ஆல் வகுத்தால் 0.73. புவியீர்ப்பின் 0.73 பங்குக்கு மேல் இந்த வண்டியால் முடுக்கமே எடுக்க முடியாது. எடுத்தால் முன்சக்கரம் தூக்கும். எஞ்சினில் 16 குதிரை இருந்தாலும் 60 குதிரை இருந்தாலும் முதல் சில மீட்டருக்கு இதுதான் வரம்பு.

கம்பெனி எஞ்சின் அந்த வரம்பைத் தொடாது. போர்ட்டிங் செய்து முன் ஸ்ப்ராக்கெட்டையும் சின்னதாக்கினால் தொட்டுவிடும். பையன் டேங்க் மேல் படுத்து முன்னால் நகர்ந்தாலே கொஞ்சம் கிடைக்கிறது, அதற்குக் காசு கிடையாது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை இறக்கிக் கட்டினால் உயரம் குறையும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பத்து சென்டிமீட்டர் நீட்டினால் வரம்பு 0.85-ஐ ஒட்டிப் போகும். அமெரிக்காவின் டாப் ஃப்யூல் பைக்குகள் ஒரு கார் நீளத்துக்கு இருப்பதும், பின்னால் சின்னச் சக்கரம் வைத்த கம்பியை இழுத்துக்கொண்டு போவதும் இதனால்தான். லாரி மெக்பிரைட் 1999-ல் ஹூஸ்டனில் கால் மைலை 5.993 நொடியில் கடந்தார், 6 நொடிக்குள் போன முதல் பைக் அது. நம் மணல் படிந்த தாரில் வேறு கதை. நீட்டினால் பின்சக்கரத்தில் எடை குறையும், தூக்குவதற்குப் பதிலாகச் சுழல ஆரம்பிக்கும். மனைப்பிரிவில் கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணலைத் துடைப்பத்தால் கூட்டிய பிறகு கிடைத்த முன்னேற்றம், ஏர் ஃபில்டர் மாற்றிக் கிடைத்ததைவிட அதிகம். நீட்டிய ஸ்விங் ஆர்மோடு ரோட்டில் ஓட்ட நினைக்க வேண்டாம், வளைவில் திரும்பாது. ஆர்சி புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஸ்ப்ராக்கெட் டைனோவுக்குத் தெரியாத மாற்றம். முன்னால் 14 பல்லை 13 ஆக்கினால் எல்லாக் கியரிலும் சக்கரத்துக்கு வரும் இழுப்பு ஏழரை சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. டைனோ தாளில் குதிரை அப்படியே இருக்கும், ஏனென்றால் இழுப்பு கூடிய அளவுக்குச் சக்கரத்தின் வேகம் குறைந்திருக்கிறது. கியரைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும், கடைசி வேகம் போகும். 100 மீட்டருக்கு அது கவலையே இல்லை. சில நூறு ரூபாய் விஷயம். ஆனால் தாளில் வராததால் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை!

குனிந்து ஓட்டுவதும் அப்படித்தான். நிமிர்ந்து உட்கார்ந்து 100 கி.மீ. வேகத்தில் போனால் காற்றை விலக்க மட்டும் ஏறக்குறைய ஏழு குதிரை செலவாகும். 50-ல் ஒன்றுக்கும் குறைவு. வேகத்தின் கனத்தில் ஏறுகிற செலவு அது. அதனால் கிளம்பும்போது முன்னால் நகர்வதும், மூன்றாவது கியருக்கு மேல் தலையை இறக்குவதும் பையனுக்கு மெக்கானிக் வேலைக்குச் சமம்.

ஃபோர் ஸ்ட்ரோக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் ஒரு வரி. என்எஸ் 200-க்கோ டியூக் 390-க்கோ சைலன்சர் மட்டும் மாற்றினால் ஒன்று, இரண்டு குதிரைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பழைய சைலன்சரைக் கழற்றியதில் குறைந்த கிலோக்கள்தான் பெரிய லாபமாக இருக்கலாம், இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். மின்னணு த்ராட்டில் உள்ள வண்டியில் ரீமேப், அதாவது எஞ்சினின் மென்பொருள் மாற்றம், செய்தபின் "சும்மா பறக்குது" என்று தோன்றினால், த்ராட்டிலைக் கால்வாசி திருகும்போது வால்வு பழையபடி இல்லாமல் அதிகமாகத் திறக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். முழுத் திருகலில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது ஆர்எக்ஸ் 135-ன் ஐந்து கியர் பெட்டியை உள்ளே வைக்கும் வேலை நடக்கிறது. கியர் இடைவெளி சுருங்கினால் சுற்று அவ்வளவு விழாது. அப்போது அந்த 16.8 சிலிண்டருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று அக்கா பையன் சொல்கிறான். நியாயமான பேச்சு, நானும் அதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன். "மாமா, இந்தத் தடவை 18 வரும்னு அண்ணன் சொல்றார்" என்று நேற்று போன் செய்தான். 6,500-ல் எவ்வளவு வரும் என்று கேட்டேன். லைனை மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிட்டான்.